பளுவில் தெரியும் பழுது

குறை இருக்கிறது என்று சொல்வதற்குக் கண்ணும் காதும் போதும். அக்குறை எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவு கிட்டும்வரை நாவை அடக்கி வைப்பதற்கோ அறம் வேண்டும். முதலாவது எல்லார்க்கும் எளிது. பின்னிரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து அமைவது அரிது. ஒரு பொருள் தன் வேலையைச் செய்யத் தவறும்போது, அப்பொருளின் மீதோ அதனைக் கையாண்ட மனிதர் மீதோ தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு எப்போது பிறக்கிறது? நூல்களில் மட்டும் வைத்து இவ்வினாவை ஆராய்வதினும், கைத்தொழில் ஒன்றின் நடுவே வைத்து ஆராய்ந்தால் தெளிவு மிகும். ஆகவே மரம் அறுக்கும் பழைய சங்கிலி வாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெறுமனே ஓடும்போது அது முழங்குகிறது. மரத்தில் வைத்து அழுத்தியதும் தளர்ந்து போகிறது. இதுவே நம் முன்னுள்ள வழக்கு.

வாளும் வழக்கும்

சங்கிலி வாள் என்று நாம் எழுதினாலும், ஊர்களில் 'மரம் அறுக்கிற மிஷின்' என்றால்தான் விளங்கும். இக்கருவியின் முன்னோர் மரத்துக்கென்று பிறந்தவர் அல்லர். ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்டு ஹைனே 1830ஆம் ஆண்டில் எலும்பை அறுப்பதற்கு ஒரு கருவி செய்தார். கைப்பிடியைச் சுழற்றினால் பற்கள் பூட்டிய சங்கிலி ஓர் அலகைச் சுற்றி ஓடும். பிற்காலத்தில் அதே எண்ணம் காட்டுக்குச் சென்றது. ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்ற ஜெர்மானியர் 1926இல் மின்சாரத்தால் ஓடும் மரவாளையும், 1929இல் பெட்ரோலில் ஓடும் வாளையும் செய்தார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்து தின்னும் வண்டுப்புழு இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து அறுப்பதை உற்று நோக்கி, 1947இல் அவ்வாறே இடவலமாக மாறி மாறி வெட்டும் பற்களைச் சங்கிலியில் அமைத்தார். இன்று நாம் காணும் வாள்களின் பற்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

நம் மக்களுக்கு இக்கருவியின் அருமை தெரிந்தது புயற்காலங்களில். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பாதையை மறித்தும் கூரையை நசுக்கியும் கிடந்த மரங்களை அகற்றக் கோடரி மட்டும் போதாது.

அத்தகைய ஒரு வேளையில் ஒரு தொழிலாளி பழைய வாள் ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்துச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். முதல்நாள் நன்கு அறுத்த வாள் இரண்டாம் நாள் பிற்பகலில் மரத்தில் வைத்ததும் முனகி நின்றது. அதனைத் தூக்கிக்கொண்டு உடையவரிடம் வந்தார். உடையவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார்; எஞ்சின் சீறிக்கொண்டு ஓடிற்று. மரத்துண்டு ஒன்றில் வைத்தார், அடங்கிப்போயிற்று. "தம்பி, எஞ்சினைப் பாழாக்கிக் கொண்டுவந்துவிட்டாய்; அட்வான்ஸ் பணத்தை எதிர்பார்க்காதே" என்றார் அவர். "பாய், கிழட்டு மிஷினை என் தலையில் கட்டிவிட்டுப் பழியையும் என்மேல் போடுகிறீர்களே" என்றார் இவர்.

இருவர் சொல்லும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆயினும் ஒரு செய்தியில் இருவரும் ஒத்துப்போயினர்: எஞ்சின் கெட்டது என்பதை இருவரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டனர். அதைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. ஒருபக்கம் ஒரு குடும்பத்தின் நான்கு நாள் அடுப்பு. மறுபக்கம் ஒருவரின் முதலீடு. இரண்டுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கான பழக்கம். இவை யாவும் ஒருவரும் பார்த்தறியாத ஒரு செய்தியின் மேல் தொங்கி நிற்கின்றன.

வெற்றோட்டம் சான்றாகுமா?

வெறுமனே ஓடும்போது நன்றாக இருக்கும் எஞ்சின் வேலையில் தளர்வது ஏன்? எஞ்சின் சுமையின்றி ஓடுகையில் தன் உராய்வை வெல்லும் அளவுக்கு வலிமை உண்டாக்கினால் போதும். மரத்தில் பற்கள் பதிந்ததும் நிலை மாறுகிறது. காற்று முழுமையாகவும் எரிபொருள் முழுமையாகவும் வேண்டும். அவை அழுத்தப்படும்போது கசிவு கூடாது. எரிந்த புகை தடையின்றி வெளியேற வேண்டும். பாதி அடைபட்ட குழாயும் வெற்றோட்டத்துக்குப் போதிய எரிபொருளைத் தந்துவிடும். அடைப்பு இருப்பதே அப்போது தெரியாது. முழு அளவு தேவைப்படும் நொடியில்தான் அது வெளிப்படும்.

ஆகவே உடையவர் கயிற்றை இழுத்து ஓட்டிக் காட்டியது அவருக்கும் சான்றாகாது, தொழிலாளிக்கும் சான்றாகாது. அதேபோல் மரத்தில் வைத்ததும் வாள் நின்றது என்பதும், குறை உண்டு என்பதற்கு மட்டுமே சான்று. குறையின் இருப்பிடத்துக்குச் சான்றாகாது. அறிகுறி ஒன்று, அதனை உண்டாக்கக்கூடிய காரணங்களோ பல. ஒரே தோற்றத்தில் வரும் இரு நோய்களை ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதற்காகவே, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டும் தனிநூல் ஒன்றை அபூபக்ர் அர்ராஸீ என்னும் மருத்துவ மேதை எழுதிவைத்தார். எந்திரத்தின் நோய்க்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

பகுத்தலும் ஆழம் பார்த்தலும்

ஒரு விதியின் அடிப்படைக் காரணத்தைக் கண்டறியும் வழிகளுள் ஒன்றாக 'அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்' என்பதனை உசூல் கலையினர் கற்பிப்பர். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் 'அல்முஸ்தஸ்ஃபா' என்னும் நூலில் இதனை ஆராய்ந்துள்ளார்கள். 'தக்ஸீம்' என்பது பகுத்தல். காரணமாக இருக்கக்கூடியவை அனைத்தையும் வகைப்படுத்தி முன்னே வைத்தல். 'ஸப்ரு' என்பது அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாதவற்றை நீக்குதல். எஞ்சி நிற்பது காரணம்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ரு' வேறு. அஃது அறபியில் ஸாத் எழுத்தால் வருவது. இந்த 'ஸப்ரு' ஸீன் எழுத்தால் வருவது. ஆழம் பார்த்தல் என்பது இதன் பொருள். புண்ணின் ஆழத்தை அளக்க மருத்துவன் உட்செலுத்தும் மெல்லிய கோலுக்கு 'மிஸ்பார்' என்று பெயர் வந்தது இந்த வேரிலிருந்தே. தமிழில் எழுதும்போது இரு சொற்களும் ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றன. ஆழம் பார்ப்பவனுக்குப் பொறுமையும் வேண்டும் என்பதால், அந்த மயக்கத்தாலும் நமக்குத் தீங்கில்லை.

இம்முறை சரியாக அமைய இரண்டு நிபந்தனைகள் உண்டு. பகுப்பு முழுமையாக இருக்க வேண்டும். ஒரு காரணத்தை விட்டுவிட்டால் எஞ்சியது எதுவும் உறுதியாகாது. நீக்கம் ஒவ்வொன்றும் சான்றோடு நிகழ வேண்டும். 'அதுவாக இராது' என்ற மனச்சாய்வால் ஒன்றையும் நீக்கலாகாது. "ஹஜ்ரத், இந்த வகுப்பும் பகுப்பும் எங்கே பயன்படும்?" என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. பழுது பார்ப்போர் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள் என்பதே அதற்கு நேரான விடை.

நம் வழக்கை அவ்வாறு பகுப்போம். மரத்தினுள் சங்கிலி நிற்கும்போது, எஞ்சினின் வேகமும் உடன் குறைகிறதா, குறையாமல் இருக்கிறதா? இரண்டில் ஒன்றே உண்மையாக இருக்க முடியும். எஞ்சின் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருக்கச் சங்கிலி மட்டும் நின்றால், வலிமை பிறக்கிறது. ஆனால் போய்ச் சேரவில்லை. அப்போது கிளட்சையும் சங்கிலியை இழுக்கும் பல்சக்கரத்தையும் பார்க்க வேண்டும். கிளட்சின் கட்டைகள் தேய்ந்தால் அவை சுழலும் வேகத்தில் விரிந்தும் உருளையைப் பற்றமாட்டா.

எஞ்சினின் வேகமும் உடன் தாழ்ந்தால், மீண்டும் இரண்டில் ஒன்று. எஞ்சின் தாங்கக் கூடாத சுமை அதன்மேல் ஏறியிருக்க வேண்டும். அல்லது தாங்க வேண்டிய சுமையைத் தாங்கும் வலிமை எஞ்சினில் குன்றியிருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். முதலாவதைப் பாராமல் இரண்டாவதற்குத் தாவுகிறார்கள். உடையவரும் தொழிலாளியும் செய்தது அதுவே.

வெளியிலிருந்து உள்ளே

முறை தெரிந்தோர் வெளியிலிருந்து தொடங்குவர். எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் அவர்கள் பார்ப்பது தரையில் விழுந்த மரத்தூளை. கூரான சங்கிலி சிறு சிறு சீவல்களாக மரத்தைச் செதுக்கித் தள்ளும். மழுங்கிய சங்கிலியோ மாவு போன்ற தூளைத்தான் உதிர்க்கும். அறுக்காமல் தேய்க்கிறது என்பதற்கு அத்தூளே சாட்சி. வாள் தன் பளுவாலேயே மரத்தில் இறங்க வேண்டும். கையால் அழுத்தி இறக்க நேர்ந்தால், எஞ்சின் தன் வேலையோடு உராய்வின் வேலையையும் சுமக்கிறது.

தென்னையின் வெளித்தண்டு கூர்மையை விரைவில் தின்னும் இயல்புடையது. புயலில் சாய்ந்த மரமோ மண்ணில் கிடக்கும். பட்டையில் சேறும் மணலும் ஒட்டியிருக்கும். அடிப்புறம் அறுபடும்போது சங்கிலி ஒரு நொடி மண்ணைத் தொட்டால் போதும்; பற்களின் முனை போய்விடும். இரண்டாம் நாள் பிற்பகலில் வலிமை குன்றிய வாளுக்கு இதைக்காட்டிலும் அண்மையான காரணம் வேறில்லை. இதற்கு மருந்து உருண்டை அரம் ஒன்று. பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு. இடப்பல்லுக்கும் வலப்பல்லுக்கும் ஒரே அளவு. ஒருபக்கம் மட்டும் கூராக இருந்தால் வாள் கோணி அறுத்து இறுகும்.

ஒவ்வொரு வெட்டுப்பல்லின் முன்னும் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதனை வரையறுப்பது அதுவே. பல்முனைக்கும் அதற்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர். பல்லைத் தீட்டித் தீட்டித் தாழ்த்திய பின்னும் மேடு உயர்ந்தே நின்றால் பல் மரத்தைத் தொடாது. விரைவாக அறுக்க வேண்டும் என்ற ஆசையில் மேட்டை மிகுதியாக அராவிவிட்டாலோ, பல் தன்னால் இயன்றதற்கு மேல் கடித்து எஞ்சினை நிறுத்திவிடும். வாளைப் பிடித்தவர் மேல் உதைக்கவும் செய்யும். சங்கிலி மிக இறுகியிருத்தல், அலகுக்கு எண்ணெய் போகாமை, அலகின் பள்ளம் நெரிந்திருத்தல், பிரேக் முழுதும் விடுபடாமல் உரசுதல் ஆகியவையும் சுமையைக் கூட்டுவன. பிரேக் உரசினால் கிளட்சின் மூடியருகே சூடும் தீய்ந்த நாற்றமும் காட்டிக்கொடுக்கும்.

இவையெல்லாம் நீங்கிய பிறகே எஞ்சினின் வலிமையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை வருகிறது. அங்கும் பகுப்பு உண்டு. காற்றும் எரிபொருளும் உள்ளே வருதல், அவை அழுத்தப்படுதல், பொறியால் பற்றி எரிதல், எரிந்த புகை வெளியேறுதல் ஆகிய நான்கில் ஒன்று குன்றியிருக்க வேண்டும். இவற்றையும் எளிதிலிருந்து அரிதை நோக்கியே பார்க்க வேண்டும்.

காற்று வடிகட்டி தூளால் அடைபட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். அதனைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யக் கால்மணி நேரம் போதும். டாங்கினுள் குழாய் முனையில் இருக்கும் சிறு வடிகட்டி அடைபட்டாலும் வெற்றோட்டம் குறையாது, பளுவில்தான் தெரியும். பிளக்கைக் கழற்றினால் அதன் முனையின் நிறம் உள்ளே நடப்பதைச் சொல்லும்: கரிய ஈரம் எரிபொருள் மிகுதியையும், வெளுத்த முனை எரிபொருள் குறைவையும் சுட்டும். சைலன்சரில் தீப்பொறி வெளியேறாமல் தடுக்கும் சிறு வலை ஒன்றிருக்கும். எண்ணெய் கலந்த பெட்ரோல் எரிந்த கரி அவ்வலையில் படிந்து அடைத்துவிட்டால், புகை போக வழியின்றி எஞ்சின் தளரும். பழைய வாள்களில் மிகப் பரவலாகக் காணப்படும் குறைகளுள் இஃது ஒன்று. கம்பித் தூரிகையால் தேய்த்தால் தீர்ந்தது.

பெட்ரோலும் மூப்படையும். எண்ணெய் கலந்து மாதக்கணக்கில் வைத்திருந்த பெட்ரோல் தன் வீரியத்தை இழக்கும். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்க வல்லது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வையும் கெடுக்க வல்லது. எந்தக் கோணத்தில் சாய்த்துப் பிடித்தாலும் எரிபொருள் இறங்குவதற்கு உதவுவது அச்சவ்வுதான். அது விறைத்துப்போனால் முழு வேகத்துக்குரிய எரிபொருளைத் தரமாட்டாது.

ஒருநேரத்தில் ஒன்று

இவ்வாறு தேடும்போது ஒருநேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். சங்கிலியைத் தீட்டி, வடிகட்டியை மாற்றி, பிளக்கையும் புதிதாகப் போட்டு, திருகுகளையும் திருகிவிட்டால் வாள் ஓடக்கூடும். எது காரணமாக இருந்தது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும். மருந்தின் தன்மையைச் சோதிப்பதற்கு இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பகுதியில் வகுத்த விதிகளுள் ஒன்று, கலப்பு நோயில் சோதிக்காமல் தனித்த நோயில் சோதிக்க வேண்டும் என்பது. பல ஒன்றாகக் கலந்த இடத்தில் எதனால் எது விளைந்தது என்று சொல்ல இயலாது என்பதே அதன் அடிப்படை.

உசூல் கலையில் 'தவரான்' என்று மற்றொரு சோதனை உண்டு. காரணம் இருக்கும்போது விளைவு இருக்கிறது. காரணம் நீங்கினால் விளைவும் நீங்குகிறது. மீண்டும் வந்தால் மீண்டும் வருகிறது. வாளில் இதற்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டு உண்டு. எரிபொருள் குறையக் குறைய டாங்கினுள் வெளிக்காற்று புகுவதற்கு ஒரு நுண்துளை இருக்கும். அஃது அடைபட்டால் வாள் சில நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தளரும். மூடியைச் சிறிது தளர்த்தினால் உயிர் பெறும். இறுக்கி ஓட்டினால் மறுபடியும் தளரும். இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

இனிய ஓசையின் ஏமாற்று

இக்கருவி நமக்குக் கற்பிக்கும் ஆழமான பாடம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் சிறு திருகுகள் உண்டு. சரியாக அமைக்கப்பட்ட பழைய வாள், சுமையின்றி முழுவேகத்தில் ஓடும்போது சற்றுக் கரகரப்பாகத் தடுமாறி ஒலிக்கும். மரத்தில் வைத்ததும் அத்தடுமாற்றம் தெளிந்து சீராகும். எரிபொருளைக் குறைத்துத் திருகிய வாளோ, சுமையின்றி ஓடும்போது தூய்மையான உயர்ந்த குரலில் பாடும். கேட்பவர், 'ஆகா, இப்போதுதான் வேகம் வந்தது' என்று மகிழ்வார்.

அந்த மகிழ்ச்சியே கேடு. இவ்வகை எஞ்சினுக்கு உயவு எண்ணெய் பெட்ரோலில் கலந்தே வருகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது, சூடோ மிகுகிறது. பிஸ்டன் சுவரோடு உரசிக் கீறலுற்று, இறுதியில் பற்றிக்கொண்டு நிற்கும். மழுங்கிய சங்கிலியால் நேர்ந்த தளர்ச்சியைத் திருகைத் திருகித் தீர்க்க முனைந்தவர், அரத்தால் தீர வேண்டிய குறைக்கு எஞ்சினைக் காவு கொடுத்தவர் ஆவார். உள்ளே வரும் குழாயில் விரிசல் கண்டு காற்றுக் கசிந்தாலும் இதே இனிய ஓசைதான் எழும். அதனைத் திருகால் மூடி மறைக்கலாம். ஆனால் அமைப்பு நிலைத்து நில்லாது.

தவறான நோயறிதல் அறிவின் குறையோடு முடிவதில்லை என்பது இதனால் விளங்கும். இல்லாத குறைக்குச் செய்யும் மருத்துவம் இல்லாத குறையை உண்டாக்கிவிடுகிறது. நல்ல நிலையில் இருந்ததைக் கெட்டது என்று நம்பி, நம்பியபடியே அதனைக் கெடுத்தும் விடுகிறோம். மனிதரிடத்தும் இதுவே நடக்கக் காண்கிறோம். நேர்மையான வேலையாளை நாள்தோறும் சந்தேகித்து நடத்தினால், ஒருநாள் அவர் மனம் முறிந்து கைவிட்டுப் போவார். அப்போது, 'நான் அன்றே சொன்னேன்' என்று சந்தேகித்தவரே வெற்றி கொண்டாடுவார்.

இரு மறுப்புகள்

இங்கே ஒருவர் கேட்கலாம்: "சாலையில் மரம் கிடக்கிறது, நோயாளியை ஏற்றிய வண்டி காத்து நிற்கிறது. பகுத்தும் ஆழம் பார்த்தும் கொண்டிருக்க நேரம் ஏது?" நியாயமான கேள்வி. அவ்வேளையில் வேறு வாளை எடுத்து மரத்தை அறுப்பதே கடமை. ஆனால் கருவியை ஒதுக்கி வைப்பது வேறு. அதன்மேலும் அதைக் கையாண்டவர் மேலும் தீர்ப்பெழுதுவது வேறு. முன்னதை அவசரம் அனுமதிக்கும். பின்னதற்கு அவசரம் என்பது ஒருபோதும் இல்லை. மேலும், தூளைப் பார்ப்பதற்கு ஒரு நொடியும், மூடியைத் தளர்த்துவதற்கு ஒரு நிமிடமும் போதும். இந்த வழக்கில் வாதாடிக் கழித்த நேரத்தில் சங்கிலி முழுவதையும் தீட்டி முடித்திருக்கலாம்.

மற்றொருவர் கேட்பார்: "வெளிக்காரணங்களையே தேடிக்கொண்டிருந்தால், மெய்யாகவே தேய்ந்து போனதைத் தேய்ந்தது என்று எப்போதுதான் சொல்வது?" இதற்கும் விடை தந்தாக வேண்டும். இல்லாவிடில் நம் முறை சாக்குப்போக்கின் வேறு பெயராகிவிடும். தேடலுக்கு ஒரு முடிவு உண்டு. எல்லாம் நீங்கிய பின் எஞ்சுவது உள்ளழுத்தம். இழுகயிற்றின் பிடியைப் பற்றி வாளைத் தொங்கவிட்டுப் பார்ப்பது அனுபவசாலிகளின் எளிய சோதனை. அழுத்தம் உள்ள எஞ்சின் விட்டுவிட்டு மெல்ல இறங்கும். அழுத்தம் இழந்ததோ கயிறு உருவி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அழுத்தமானி கொண்டு அளந்தால், நல்ல எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அளவில் நிற்கும் அழுத்தம், 100க்கும் கீழே போயிருந்தால் தேய்மானம் உறுதி. சைலன்சரைக் கழற்றி அத்துளை வழியே பிஸ்டனைப் பார்த்தால் கீறல்கள் கண்ணுக்கே தெரியும்.

அப்போது சொல்லத்தான் வேண்டும். இரக்கத்தால் மறைத்தலும், நயத்துக்காக மழுப்புதலும் ஆகா. தேய்ந்த வாளை 'நன்றாக ஓடும்' என்று வெற்றோட்டம் காட்டி வாடகைக்கு விடுவது, அறிந்தே செய்யும் வஞ்சனை. தளர்ந்த வாளை அழுத்தி அறுக்கும் கை எளிதில் நிலை தவறும். அதன் விலையை எலும்பும் சதையும் கொடுக்க நேரும். தேடுவதற்குமுன் பழி சொல்லாதே என்ற கட்டளைக்குள்ளேயே, தேடிக் கண்ட பின் மறைக்காதே என்பதும் அடங்கியிருக்கிறது.

பழி யாரைச் சாரும்?

இனி நம் இருவரிடம் செல்வோம். வாடகைக்குப் பெற்ற பொருள், பெற்றவர் கையில் அமானிதம் என்பது சட்ட அறிஞர்களின் முடிவு. வரம்பு மீறினாலோ பேணுவதில் அசட்டையாக இருந்தாலோதான் அவர் ஈடு செலுத்த வேண்டும். அனுமதித்த வேலையை வழக்கமான முறையில் செய்ததால் நேர்ந்த தேய்மானம் அவர் தலையில் விழாது. இவ்விதி எவ்வளவு நுட்பமாகக் காரணத்தின் மேல் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியதால் பிஸ்டன் பற்றியிருந்தால் தொழிலாளி பொறுப்பாளி. பல்லாண்டு உழைப்பால் அழுத்தம் போயிருந்தால் அஃது உடையவரின் இழப்பு. கரி அடைத்த வலையோ விறைத்த சவ்வோ காரணமாயின், ஓடத்தக்க நிலையில் கருவியை ஒப்படைக்க வேண்டியவர் உடையவர். மணலில் பட்டுப் பல் மழுங்கியிருந்தால் எஞ்சின் பாழானது என்ற பேச்சே எழாது. தீட்டும் கூலி யாருடையது என்பதை அவ்வூர்த் தொழில் வழக்கம் தீர்த்துவிடும்.

நான்கு காரணங்களுக்கு நான்கு வேறு தீர்ப்புகள். அறிகுறியோ நான்கிலும் ஒன்றே. காரணத்தை அறியாமல் இவ்வழக்கில் எந்த நீதிபதியாலும் நீதி செய்ய இயலாது, இரக்கமுள்ளவராயினும் இயலாது. தொழிலாளியின்பால் இரங்கி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்பவரும், உடையவரின் முகம் பார்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்பவரும், காரணத்தைப் பாராதவரை ஒரே தவற்றையே செய்கிறார்கள். இதனால்தான் காரணம் தேடுதலை அறிவாளிகளின் பொழுதுபோக்காகவோ மெக்கானிக்கின் வேலையாகவோ ஒதுக்கிவிடக் கூடாது என்கிறேன். நீதிக்குள் நுழைய அதுவே வாசல்.

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் இவ்வழக்கு நாள்தோறும் நடக்கிறது. தனியே ஓதும்போது பிழையின்றி ஓதும் சிறுவன் சபையில் திக்கினால், 'பாடம் மனத்தில் இல்லை' என்கிறோம். அவன் அன்று காலை உண்டானா, இரவு உறங்கினானா, அவையைக் கண்டு அஞ்சினானா என்று கேட்கிறோமா? முதிர்ந்த தந்தை கணக்கில் தவறினால், 'புத்தி தளர்ந்துவிட்டது' என்கிறோம். கண்ணாடியின் அளவு மாறியிருக்கலாம் என்று நினைக்கிறோமா? பளு ஏறிய இடத்தில் ஒருவர் தளரும்போது, அவருடைய உள்ளியல்பைப் பற்றிய முடிவுக்கே நேராகப் போய்விடுகிறோம். பிஸ்டனிலிருந்து தொடங்கிப் பல்லுக்கு வரும் தலைகீழ் முறை இது. உள்ளியல்பைப் பற்றிய தீர்ப்பு திரும்பப் பெற இயலாதது; ஆகவே அது வரிசையில் இறுதியாக நிற்க வேண்டியது. திருத்த எளியதும், செலவு குறைந்ததும், நம் கையால் நேர்ந்திருக்கக்கூடியதும் முன்னே வர வேண்டியவை.

நம் கையால் நேர்ந்திருக்கக்கூடியது என்றேன். பெட்ரோலை ஊற்றியது யார், எண்ணெயை அளந்தது யார், அரம் பிடிக்காமல் விட்டது யார், வலையின் கரியைத் தட்டாமல் ஆண்டுகளைக் கழித்தது யார் என்ற கேள்விகள் யாவும் கருவியைக் கடந்து மனிதரை நோக்கியே திரும்புகின்றன. ஒரு பொருளிடத்தோ மனிதரிடத்தோ வலிமையை எதிர்பார்ப்பவர், அவ்வலிமைக்கு உரிய ஊட்டத்தையும் பேணலையும் தாம் தந்தோமா என்று முதலில் தம்மிடம் கேட்டுக்கொள்ளட்டும். உடையவரும் தொழிலாளியும் வாதத்தை நிறுத்திவிட்டுத் தரையில் கிடக்கும் தூளைக் குனிந்து பார்க்கட்டும். அது சீவலாக இருக்கிறதா, மாவாக இருக்கிறதா என்பதை இருவரும் சேர்ந்து கண்ட பின், பேசுவதற்கு எஞ்சியிருப்பது மிகச் சிறிதாகவே இருக்கும்.